கொஞ்சம் பெருசா வை, கண்ணு!

செல்போனில் ஓடும் படத்தை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துக் கீழே தெரியும் சப்டைட்டில் வரியின் மேல் வைத்துப் பாருங்கள். ஆறரை அங்குல செல்போனை நிமிர்த்திப் பிடித்தால் படத்தின் அகலம் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. அந்த உயரத்தில் இருபதில் ஒரு பங்கைச் சப்டைட்டில் வரி எடுத்துக்கொண்டால் கிடைப்பது இரண்டு மில்லிமீட்டர். மேல்விலங்கு, புள்ளி, கீழே இறங்கும் சுழி எல்லாம் அந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். நடுவில் நிற்கும் ‘க’வின் உடம்புக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்.

நல்ல பார்வை உள்ள கண், 40 சென்டிமீட்டர் தூரத்தில் இதற்கும் சிறிய எழுத்தை, 0.6 மில்லிமீட்டர் அளவில் உள்ளதைக்கூட, அடையாளம் கண்டுவிடும். கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் பலகையின் கணக்கு அது. ஆனால் ஓர் எழுத்தை முயன்று கண்டுபிடிப்பது வேறு, இரண்டரை மணி நேரப் படத்தை அலுப்பில்லாமல் வாசித்துக்கொண்டே பார்ப்பது வேறு. தொடர்ந்து வாசிக்க அந்த எல்லை அளவைப்போல இரண்டு, மூன்று மடங்கு வேண்டும். கண்ணாடி போட வேண்டிய வயதில் கண்ணாடி இல்லாமல் போனைத் தள்ளிப் பிடிப்பவருக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

அந்த அளவை நாமே கூட்டிக்கொள்ளும் வசதி போனுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. பல ஆண்டுகளாக இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை அதற்கு உரியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அனந்தபுரத்துத் திண்ணையில்

விழுப்புரம் மாவட்டம், செஞ்சி வட்டத்தில் இருக்கிறது அனந்தபுரம் பேரூராட்சி. பாறைக் குன்றுகள், ஏரிப் பாசனம், நெல், மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லைகள் என்று செஞ்சிச் சுற்றுவட்டாரத்துக்கே உரிய நிலம். சாயங்காலமானால் இங்கும் மற்ற ஊர்களைப்போலத்தான்: ஒரே வீட்டில் டி.வி.யில் சீரியல் ஒருபக்கம், செல்போனில் யூடியூப் ஒருபக்கம்.

அறுபதைத் தாண்டிய ஆயா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். எதிரே தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்த செல்போன். ஓடியது மலையாளப் படம், கீழே தமிழில் வசனம். கை பாட்டுக்குத் தோலை உரிக்கிறது, கண் திரையில். ஆனால் ஒவ்வொரு வரி வரும்போதும் கை நின்றுவிடும். குனிந்து பார்ப்பார். பாதி வரி படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

“எறும்பாட்டம் ஓடுதுடா, என்னாத்தைப் படிக்கிறது?”

பக்கத்தில் இருந்த பேரன் காலேஜில் படிப்பவன். போனை வாங்கி நாலைந்து தட்டு தட்டினான். எழுத்து சட்டென்று பெருத்தது.

“இப்பத் தெரியுதா ஆயா?”

“தெரியுது. மூஞ்சிய மறைக்குதே.”

மறுபடி வாங்கினான். ‘மிகப் பெரியது’ என்பதிலிருந்து ‘பெரியது’க்கு இறக்கினான். எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போட்டான். போனைப் படுக்கவைத்துச் சொம்பில் சாய்த்தான். ஆயா எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பார்த்தால், படமும் ஓடுகிறது, மல்லாட்டையும் உரிபடுகிறது.

அந்தப் பையன் செய்த மூன்று காரியங்களில் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அளவைக் கூட்டினான், படத்தை விழுங்காத இடத்தில் நிறுத்தினான், பின்புலத்தைக் கறுப்பாக்கினான். போனைப் படுக்கவைத்தது நாலாவது. அதற்கு எந்த செட்டிங்ஸும் தேவையில்லை. நிமிர்த்திப் பிடித்த போனில் நாலு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்த பட உயரம், படுக்கவைத்தால் ஏழை நெருங்கிவிடும். சப்டைட்டில் படத்தோடு சேர்ந்தே வளருவதால், எழுத்தும் ஒன்றே முக்கால் மடங்கு பெரிதாகிவிடும்.

படிக்கத்தான் வேண்டுமா?

சினிமா பார்ப்பதற்கு எதற்கு எழுத்து என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. தூர்தர்ஷன் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஞாயிறு மதியங்களில் தேசிய விருது பெற்ற வங்காள, மலையாள, கன்னடப் படங்கள் ஆங்கில சப்டைட்டிலோடு வரும். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே அது பெரும்பாடு. வெள்ளை வேட்டி கட்டியவர் திரையில் வந்து நின்றால் வெள்ளை எழுத்து வேட்டிக்குள் கரைந்துபோகும். அளவை மாற்ற வழி இல்லை, நிறத்தை மாற்ற வழி இல்லை. எழுத்து படத்தோடு சேர்த்துப் பதிக்கப்பட்டிருந்தது. படத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்ட எழுத்தை யாரும் தனியே தொட முடியாது.

இன்று ஓ.டி.டி. தளங்களில் வருவது பெரும்பாலும் வேறு வகை. படம் தனிக் கோப்பு, வசனம் தனிக் கோப்பு. எந்த நொடியில் எந்த வரி தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்ற குறிப்போடு வெறும் எழுத்தாக அது வந்து சேர்கிறது. அதை வரைந்து காட்டுவது நம் கையில் உள்ள போனோ, டி.வி.யோ, கணினியோதான். வரைவது நம் கருவி என்பதால் எந்த அளவில் வரைய வேண்டும் என்று அதற்கு நாம் சொல்ல முடியும்.

சப்டைட்டில் வேண்டியது மொழி தெரியாத படம் பார்ப்பவர்களுக்கு மட்டுமல்ல. காது மந்தமானவர்களுக்கு வேண்டும். பின்னணி இசை வசனத்தை அமுக்கும் இன்றைய படங்களில் காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் வேண்டும். பிள்ளை தூங்கும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கும் தாய்க்கும் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர் என்றது. அதில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் ஏறத்தாழ 50 லட்சம்; பார்வைத் திறன் குறைந்தவர்களும் ஏறத்தாழ அதே எண்ணிக்கை. வயதாக ஆக இரண்டும் குறைந்துகொண்டே வரும் கோடிக்கணக்கானவர்கள் இந்தக் கணக்கில் சேராதவர்கள்.

திரையில் ஓடும் எழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது ஸ்பானிய இயக்குநர் பெத்ரோ அல்மோதோவாரின் படம் ஒன்றை நண்பர்களோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்த அவருக்கு, ஆங்கிலத்துக்குப் பதில் ஸ்பானிய வசனத்தையே ஸ்பானிய எழுத்தில் போட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அடுத்த யோசனை இந்தியாவைப் பற்றியது. இந்திப் பாட்டுக்கு இந்தி வரியும் குஜராத்திப் பாட்டுக்கு குஜராத்தி வரியும் கீழே ஓடினால், எழுத்துக் கூட்டித் தடுமாறுபவர்கள் பாட்டோடு பாட்டாகப் படிக்கப் பழகுவார்களே! 1999இல் குஜராத் தூர்தர்ஷனின் சித்ரகீத் நிகழ்ச்சியில் அது தொடங்கியது. பிறகு ‘ரங்கோலி’ உள்ளிட்ட நாடறிந்த நிகழ்ச்சிகளுக்கும் வந்தது. பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அடுத்து வரும் சொல் காதுக்குத் தெரியும். கண் அதை எழுத்தில் தேடிப் பிடிக்கிறது. பாடம் என்று யாரும் சொல்லாமலே வாசிப்புப் பயிற்சி நடக்கிறது.

இதை விழுப்புரம் மாவட்டத்துக்கு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. விழுப்புரத்தில் அது ஏறத்தாழ 72. அதிலும் கையெழுத்துப் போடத் தெரிந்து, நாளிதழ் ஒரு பத்தி படிக்கத் திணறுபவர்கள் எத்தனையோ பேர். தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே சப்டைட்டில் போட்டு, அதைப் பெரிதாகவும் வைத்துக்கொள்ள முடிந்தால், அவர்களுக்கு அது தினமும் இரண்டு மணி நேர வகுப்பு. ஆனால் ஓ.டி.டி.யில் பல தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது, தமிழ் இல்லை. எழுத்தின் அளவைப் பற்றிப் பேசும்போது இந்தக் குறையையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு இடம் அதிகம் வேண்டும்

ஆங்கில எழுத்துக்குப் போதும் என்று தேர்ந்தெடுத்த அளவு தமிழுக்குப் போதாது. இதை வாசகர்கள் கண்ணால் அறிந்திருப்பார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலச் சிற்றெழுத்துகள் பலவும் ஒன்றிரண்டு கோடுகளில் முடிந்துவிடும். நம் ‘ண’வில் எத்தனை வளைவுகள்! ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையில் ஒரே ஒரு சுழி வித்தியாசம். எழுத்து சிறுத்தால் அந்தச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகிவிடும். புள்ளியின் பாடு இன்னும் மோசம். ‘க’வுக்கும் ‘க்’குக்கும் உள்ள வேறுபாடு மேலே நிற்கும் அந்த ஒரு துளி. இரண்டு மில்லிமீட்டர் வரியில் அது தூசியளவு. ‘கி’யும் ‘கீ’யும் பிரிவது மேல்விலங்கின் முனையில் உள்ள சிறு சுழியால். கண் இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, சொல்லின் உருவத்தைப் பார்த்து ஊகிக்கிறது என்பது உண்மைதான். ஊகிக்க வாசிப்புப் பழக்கம் வேண்டுமே! பழக்கம் குறைந்தவருக்குத்தான் ஒவ்வொரு புள்ளியும் தெளிவாகத் தெரிய வேண்டியிருக்கிறது.

செஞ்சிச் சீமைக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. செஞ்சிக்குப் பக்கத்திலேயே சிறுகடம்பூரில் திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய இடம். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாக அங்கே வெட்டிய கல்வெட்டில்தான் ‘ஐ’ என்ற எழுத்து முதன்முதலாகக் காணப்படுகிறது என்று கல்வெட்டறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் பாறையில் பொறித்த மண்டகப்பட்டும் இந்த வட்டாரம்தான். கல்லில் எழுத்தைப் பெரிதாக வெட்ட இடம் இருந்தது.

ஓலைக்கு வந்தபோது எழுத்து சுருங்கியது. ஓலையின் அகலம் விரல்கடை கணக்கு. அதற்குள் பல வரிகள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளியையே விட்டுவிட்டார்கள். தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருக்கும் மேல்சித்தாமூர் செஞ்சியிலிருந்து தொலைவில்லை. அங்கே பேணப்படும் சுவடிகளைப் போன்ற எந்தப் பழஞ்சுவடியைப் படிப்பதற்கும் பயிற்சி வேண்டும். குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்று இடம் பார்த்துத்தான் முடிவுகட்ட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் எகர ஏகார, ஒகர ஓகாரங்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் முறையை வீரமாமுனிவர் கொண்டுவந்தார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ‘ணை’, ‘லை’, ‘றா’ போன்றவற்றை இப்போதுள்ள வடிவுக்கு மாற்றியது. படிப்பவருக்குத் தடுமாற்றம் வரக்கூடாது என்ற அக்கறையும் இவற்றுக்குப் பின்னால் உண்டு. ஓலையிலிருந்து விடுபட்டுத் தெளிவாகிய எழுத்தை மறுபடி ஓலையளவுக்குச் சுருக்கி, புள்ளி தெரியாமல் படிக்கவைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அடுத்தது நீளம். நெட்ஃப்ளிக்ஸ் ஆங்கில சப்டைட்டிலுக்கு வகுத்த விதிப்படி ஒரு வரியில் 42 குறிகளுக்கு மேல் போகக்கூடாது. ஒரு வசனம் ஏழு நொடிக்கு மேல் திரையில் நிற்கக்கூடாது. ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது 12 எழுத்து. யூனிகோடு முறையில் உயிர்க்குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு 23. ஒரே சொல் அரை வரியைத் தாண்டிவிடுகிறது. இத்தகைய நீளச் சொற்களை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால் வரிக்கு ஓரிரு சொல்தான் நிற்கும். வரிகள் மூன்று, நாலு என்று அடுக்கி நடிகரின் முகத்தை மூடும். ஆயா சொன்னது அதைத்தான்.

எனவே பெரிதாக்கும் பொத்தானை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்குவது சரியாகாது. வசனத்தைத் தமிழாக்குபவர் சுருக்கமாக எழுத வேண்டும். பேச்சில் வரும் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தில் கொண்டுவர வேண்டியதில்லை. நல்ல சப்டைட்டில் எழுத்தாளர் பாதிச் சொற்களில் முழுப் பொருளைத் தருவார். அந்த உழைப்புக்கு உரிய கூலியையும் நேரத்தையும் தளங்கள் கொடுத்தாக வேண்டும்.

கேட்டு வாங்கிய வசதி

இந்த செட்டிங்ஸ் எல்லாம் நிறுவனங்கள் தாமாக மனமிரங்கிக் கொடுத்தவை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் காது கேளாதோர் பல ஆண்டுகள் போராடிப் பெற்றவை. தொலைக்காட்சியில் விரும்பியவர்கள் மட்டும் வரவழைத்துக்கொள்ளும் சப்டைட்டில் அங்கே 1980இல் தொடங்கியது. அதற்குத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டியிருந்தது. 1990இல் வந்த சட்டத்தால், 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லா டி.வி.களிலும் அந்த வசதி உள்ளேயே இருக்க வேண்டும் என்றானது. இணையத்தில் படம் பார்க்கும் காலம் வந்ததும் பழைய சட்டம் போதாமல் போனது. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தை அமெரிக்கத் தேசிய காது கேளாதோர் சங்கம் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2012இல் சமரசம்: 2014க்குள் எல்லாப் படங்களுக்கும் சப்டைட்டில். 2010இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் வழியே, எழுத்தின் அளவு, நிறம், பின்புலம் ஆகியவற்றைப் பார்ப்பவரே மாற்றிக்கொள்ளும் உரிமையும் வந்தது. யூடியூபில் அனந்தபுரத்துப் பையன் தட்டிய அந்தப் பட்டியலுக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் எல்லா உள்ளடக்கமும் அவர்கள் அணுகும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2019 செப்டம்பரில் தொலைக்காட்சிகளுக்கும், 2024 மார்ச்சில் திரையரங்குகளுக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எழுந்தது கண்சிமிட்டச் சொல்லி ஆளை உறுதிசெய்யும் கே.ஒய்.சி. முறையால். ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களால் கண்சிமிட்ட முடியாது என்று வழக்குப் போட்டார்கள். தீர்ப்பின் கொள்கை அந்த ஒரு சேவையோடு நின்றுவிடுவதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஓ.டி.டி. தளங்களுக்கான அணுகல் வழிகாட்டுதல் வரைவை அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வைத்தது. சப்டைட்டில், காட்சியை வாயால் விளக்கும் ஒலி விவரணை, சைகை மொழி ஆகியவற்றை அது பேசுகிறது.

சப்டைட்டில் இருக்க வேண்டும் என்று சொல்வதோடு, அது வாசிக்கத்தக்க அளவில் இருக்க வேண்டும் என்றும், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு அந்த அளவு என்னவென்றும் சொல்வது அவசியம். இணையப் பக்கங்களுக்கான உலகத் தரநெறி, எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமும் செயல்பாடும் குலையக் கூடாது என்று 2008 முதலே சொல்கிறது. ஓ.டி.டி. தளங்களின் இணையப் பக்கங்களில் வரும் கட்டணத் திட்டம், வயது எச்சரிக்கை, ‘ரத்து செய்’ என்ற பொத்தான் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த நெறி பொருந்தும். சப்டைட்டிலைவிடப் பொடியாக வருபவை இவைதான். பார்ப்பவரின் பணத்தைத் தொடுபவையும் இவைதான்.

எங்கே போய், எதைத் தட்டுவது?

முதலில் ஆண்ட்ராய்டு போன். யூடியூப் செயலியில் உங்கள் புரொஃபைல் படத்தைத் தட்டி செட்டிங்ஸ் போனால் ‘கேப்ஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதற்குள் அளவும் பாணியும். அது போனின் சொந்த செட்டிங்ஸுக்கே கொண்டுபோய்விடும். அங்கே மிகச் சிறியது முதல் மிகப் பெரியது வரை அளவுகள். கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை, கறுப்பில் மஞ்சள் என்று நிறச் சேர்க்கைகளும் உண்டு. கண்புரை தொடங்கியவர்களுக்கு மஞ்சள் எழுத்து எடுப்பாகத் தெரிவதாகச் சொல்கிறார்கள். முயன்று பார்த்து, ஒத்துவருவதை வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் ‘ஆக்சஸிபிலிட்டி’க்குள் சப்டைட்டிலுக்கெனத் தனிப் பிரிவும், அதற்குள் பாணியை மாற்றும் இடமும் இருக்கின்றன.

கணினியில் யூடியூப் பார்ப்பவர்களுக்கு இன்னும் சுலபம். விசைப்பலகையில் ‘சி’ எழுத்தைத் தட்டினால் சப்டைட்டில் வரும், மறுபடி தட்டினால் போகும். கூட்டல் குறியைத் தட்டத் தட்ட எழுத்து வளரும். கழித்தல் குறியில் குறையும். பல்சக்கரப் படத்தின் வழியே போனால் 50 விழுக்காட்டிலிருந்து 400 வரை தேர்ந்தெடுக்கலாம். நூற்றைம்பது பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் எண்ணம். அதற்கு மேல் போனால் படத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் உள்ள மற்ற எழுத்துகளுக்கு கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறி.

நெட்ஃப்ளிக்ஸில் கணினி வழியாக உள்ளே போய் உங்கள் புரொஃபைலுக்குரிய சப்டைட்டில் தோற்றத்தை மாற்றிவைக்கலாம். 2023 முதல் டி.வி.யிலேயே, படம் ஓடும்போதே, சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுகளும் நாலு பாணிகளும் தருகிறார்கள். வீட்டில் வயதானவருக்கென்று தனி புரொஃபைல் ஒன்று உருவாக்கிப் பெரிய எழுத்தை அதில் வைத்துவிட்டால், பிள்ளைகள் மாற்றிவிடுவார்கள் என்ற தொல்லை இல்லை.

எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி நிற்கும் நேரம் மாறாது. மெதுவாகப் படிப்பவர்களுக்கு அதுவும் ஒரு சிக்கல். யூடியூபில் ஓடும் வேகத்தை 0.75க்குக் குறைத்துக்கொள்ளலாம். பேச்சு கொஞ்சம் இழுவையாகக் கேட்கும்; புரியாத மொழிப் படத்தில் அது பெரிய இடைஞ்சல் இல்லை.

சில படங்களில் என்ன தட்டினாலும் எழுத்து அசையாது. பழைய முறைப்படி படத்தோடு பதித்த எழுத்து அது. யூடியூபில் ஏற்றப்பட்ட டப்பிங் இல்லாத பழைய படங்கள் பலவும் அப்படித்தான். அங்கே போனைப் படுக்கவைப்பதும், பெரிய திரைக்கு மாற்றுவதும் தவிர வழியில்லை.

கண்ணையும் பாருங்கள்

நாற்பது வயதை ஒட்டி, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்வை இழக்கத் தொடங்கும். கிட்டத்தில் உள்ளதைக் குவித்துப் பார்க்க முடியாது. அதுதான் வெள்ளெழுத்து. நோயில்லை, எல்லாருக்கும் வருவது. உலகில் 180 கோடிப் பேருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் 80 கோடிக்கும் மேற்பட்டோர் தகுந்த கண்ணாடி கிடைக்காமல் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறன் குன்றி வாழ்வதாகவும் 2019இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குச் சாதாரண வாசிப்புக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு, 2018இல் ‘லான்செட்’ குழும இதழில் வந்தது. கண்ணாடி போட்டவர்களின் இலை பறிக்கும் அளவு, போடாதவர்களைவிட 20 விழுக்காட்டுக்கும் மேல் கூடியிருந்தது. இத்தனைக்கும் அது விலை மலிந்த கண்ணாடி.

ஆகவே ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார், ‘மிகப் பெரியது’ வைத்தும் மங்கலாக இருக்கிறது என்கிறார் என்றால், செட்டிங்ஸை விட்டுவிட்டுக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். கண்புரையாக இருக்கலாம், சர்க்கரை நோய் விழித்திரையைத் தொட்டிருக்கலாம். இரண்டாவதைத் தாமதித்தால் இழந்த பார்வை திரும்பாது. செஞ்சிப் பக்கத்து மக்களுக்குப் புதுச்சேரி தொலைவில்லை. மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை 2003 முதல் புதுச்சேரியில் இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு. வெளியூரில் படிக்கும், வேலைபார்க்கும் பிள்ளைகள் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, ஆயா தாத்தாவின் போனில் எழுத்தளவைச் சரிசெய்துவிட்டு, கடைசியாகக் கண்ணைக் காட்டியது எப்போது என்பதையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

தளங்களிடம் கேட்பதற்கும் இருக்கிறது. சப்டைட்டிலை வரவழைக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, சிறிய ‘அ’வும் பெரிய ‘அ’வுமாக இரண்டு பொத்தான்கள் போதும், ஐந்து படிகள் உள்ளே ஒளித்துவைக்க வேண்டாம். முதன்முதலாகத் தமிழ் சப்டைட்டிலைத் தேர்ந்தெடுக்கும்போதே, “இந்த எழுத்து வாசிக்க வசதியாக இருக்கிறதா?” என்று ஒரு முறை கேட்கட்டும். தமிழுக்கான தொடக்க அளவை ஆங்கிலத்தைவிடக் கூட்டி வைக்கட்டும். தமிழ்ப் படங்களுக்குத் தமிழ் வசனத்தைக் கட்டாயமாகச் சேர்க்கட்டும். விதிகளை வகுப்பவர்கள் இந்த நாலையும் எழுத்தில் கேட்க வேண்டும். மேல்விலங்கும் புள்ளியும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று, அலுவலகக் கணினியில் சோதிப்பதோடு நிற்காமல், ஆறரை அங்குல போனில், அறுபது வயதுக்காரரின் கையில் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.